பின்னால் நின்றவள்

போலீஸ்காரம்மா கேட்டது ஒரே ஒரு படம்தான்.

“சமீபத்துல எடுத்ததா இருக்கணும். முகம் தெளிவா தெரியணும். அவ்வளவுதான்மா.”

தையல்காரி போனை மேசைமேல் வைத்து விரலால் தள்ளினாள். தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். அத்தனையிலும் அவளுடைய சின்னவள் நின்றாள். நீலக் கவுனில் இடுப்பில் கைவைத்து நின்றாள், பூப்போட்ட கவுனில் பாதி திரும்பி நின்றாள், ஃப்ரில் வைத்த வெள்ளைக் கவுனில் கன்னத்தில் விரல்வைத்து யோசிக்கிற பாவனையில் நின்றாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்படி என்ன யோசனை என்று கேட்காதீர்கள். கவுன் விற்க வேண்டும்.

“காணாமப் போனது இந்தப் பொண்ணா?”

“இல்லைங்க. இது சின்னவ. இதோ என் பக்கத்துல உட்கார்ந்திருக்காளே, இவதான். போனது பெரியவ.”

“அப்ப பெரியவ படத்தைக் காட்டுங்க.”

தையல்காரி ஒரு படத்தில் நிறுத்தினாள். சின்னவளின் காதுக்கும் சுவருக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஏதோ கரைந்து கிடந்தது. அதைத் தொட்டுக் காட்டினாள்.

“இதோ, இதுல நிக்கிறா பாருங்க.”

போலீஸ்காரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுவா? நான் கொடியில தொங்கற துணின்னு நினைச்சேன்.”

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. கேலியாக இருந்திருந்தால் தையல்காரி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவளுக்கு வாய் ஒன்றும் சும்மா இருக்கிற வாய் அல்ல.

“ஸ்கூல் கார்டு இருக்குமே?”

“இல்லைங்க. கார்டு, சர்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா.”

“ஸ்கூல்ல கேட்டுப் பாக்கலாமே?”

“லீவு. பூட்டிக் கிடக்கு. அங்க இருக்கறதும் எட்டாவதுல எடுத்த படம். ரெட்டைச் சடை போட்டிருப்பா. இப்ப முடியைக் கழுத்தோட வெட்டிட்டா.”

“அவளுக்குன்னு தனி போன்?”

“வீட்டுக்கே இந்த ஒண்ணுதாங்க.”

“சிநேகிதிங்க யாராவது? அவங்க போன்ல இருக்கும்.”

தையல்காரி வாயைத் திறந்தாள். ஒரு பேரும் வரவில்லை. பக்கத்திலிருந்து சின்னவள்தான் சொன்னாள். “அக்காவுக்கு ஒரே ஒரு சிநேகிதி. அவளும் ஊர் மாறிப் போயிட்டா.”

போலீஸ்காரம்மா எழுதிக்கொண்டார். உயரம் கேட்டார், நிறம் கேட்டார், போகும்போது என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டார். தையல்காரி தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஆயிரம் குழந்தைகளின் மார்பளவையும் தோளளவையும் மனப்பாடமாக வைத்திருப்பவள், சொந்தப் பெண்ணின் உயரத்தைத் தன் காதுவரை கை உயர்த்தித்தான் காட்ட முடிந்தது.

“அடையாளம் ஏதாவது? மச்சம், தழும்பு?”

தையல்காரி யோசித்தாள். பிறந்தபோது குளிப்பாட்டிய உடம்பு. அதில் மச்சம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. “ஒண்ணும் இல்லைங்க,” என்றாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்து, “அம்மா, அக்காவுக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“சும்மா இரு பாப்பா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?”

அடையாளம் ஏதுமில்லை என்று போலீஸ்காரம்மா எழுதினார். பிறகு பிறந்த தேதியைப் பார்த்து நிமிர்ந்தார். அன்று திங்கட்கிழமை.

“வர்ற வியாழக்கிழமை பதினெட்டு முடியுதே. அதுக்கப்புறம் நாங்க தேடிக் கண்டுபிடிக்கலாம்மா, ஆனா அவ வரமாட்டேன்னா கூட்டிட்டு வர முடியாது. எவ்வளவு சீக்கிரம் படம் தர்றீங்களோ அவ்வளவு நல்லது. எல்லா ஊருக்கும் அனுப்பிடலாம்.”

தையல்காரி ஆறாயிரம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்துக்காக மூன்று நாள் கெடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த போன் வீட்டுக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதற்கு முன்பே தையல்காரி குழந்தைகளுக்குக் கவுன் தைத்து, படம் எடுத்து, நெட்டில் தன் பக்கத்தில் போட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தாள். வீடு இரண்டே அறை. முன்னறைக்கு ஒரு ஜன்னல். காலை எட்டு மணியிலிருந்து பத்துவரை அதில் நல்ல வெளிச்சம் விழும். சின்னவளை ஜன்னலைப் பார்த்து நிறுத்தினால் கவுனின் நிறம் உள்ளது உள்ளபடி வரும். தொல்லை என்னவென்றால், அவளுக்குப் பின்னால் அந்த வீடே வந்து நிற்கும். இஸ்திரி மேசை, துணி மூட்டை, கொடி, கதவு மூடாத பீரோ, இவற்றுக்கு நடுவே பெரியவள். அவள் அங்கே நிற்காமலும் முடியாது. சின்னவள் ஒரு கவுனைக் கழற்றுவதற்குள் அடுத்தது இஸ்திரி போட்டுத் தயாராக இருக்க வேண்டும். கசங்கிய கவுனைப் படத்தில் பார்த்து எந்தத் தாய் வாங்குவாள்?

ஆக, படத்துக்குப் படம் ஒரு கூத்து நடக்கும். “பெரியவளே, தள்ளு!” என்பாள் தையல்காரி. பெரியவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குவாள். கிளிக். திரும்பி வந்து பெட்டியைத் தொடுவாள். “தள்ளு!” மறுபடியும் ஒதுங்குவாள். ஒரு காலைக்கு நாற்பது தடவை அப்படி ஓடுவாள். சின்னவள் அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிப்பாள், படம் ஆடிப்போகும், திட்டு பெரியவளுக்கு விழும்.

சரக்கு லாரி ஓட்டுகிற அப்பா, மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பவர், ஒரு தடவை வரும்போது அந்த போனை வாங்கி வந்தார். கடைக்காரன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். “இதுல போர்ட்ரெய்ட்டுன்னு ஒரு மோட் இருக்கு. முன்னாடி நிக்கறவங்க மட்டும் பளிச்சுனு தெரிவாங்க. பின்னாடி இருக்கறதெல்லாம் கரைஞ்சிடும்.” சின்னவளை நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டையும் கொடியும் பீரோவும் தண்ணீரில் கரைத்த சாயம்போல ஆகிவிட்டன. சின்னவள் மட்டும் ஏதோ பெரிய ஸ்டூடியோவில் நிற்பவள் மாதிரி ஜொலித்தாள். தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இனிமே நீ ஓட வேண்டாம்டி பெரியவளே. அங்கேயே நின்னு வேலையைப் பாரு. நீ நிக்கறதே தெரியாது.”

தையல்காரியைக் கரித்துக்கொட்டுவது சுலபம். ஆனால் அன்றைக்கு அவள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். பெண்ணுக்கு ஓட்டம் மிச்சம் என்று மனதாரச் சந்தோஷப்பட்டாள். பெரியவளும் சிரித்துக்கொண்டேதான் தலையை ஆட்டினாள்.

போனின் நுணுக்கமெல்லாம் பெரியவளுக்குத்தான் கைவந்தது. மாலையில் உட்கார்ந்து அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். படத்துக்கு அடியில் ஒரு கோடு வரும், கோட்டில் ஒரு புள்ளி. புள்ளியை இழுக்க இழுக்கப் பின்னால் இருப்பது இன்னும் கரையும். “இன்னும் கொஞ்சம் இழு. பின்னாடி ஒரு குப்பையும் தெரியக் கூடாது,” என்பாள் தையல்காரி, மெஷினை மிதித்துக்கொண்டே. பெரியவள் இழுப்பாள். அந்தக் குப்பைக்கு நடுவே நிற்பது அவள்தான் என்பது இருவரில் யாருக்கும் உறைக்கவில்லை. தையல்காரிக்கு உறைக்கவில்லை என்று அடித்துச் சொல்லலாம். மற்றவளுக்கு எப்படியோ, கேட்க இப்போது அவள் இல்லை.

பெரியவளே வாய்விட்டுக் கேட்டதும் ஒன்று உண்டு. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது அது நடுத்தெருவில் தையல்காரிக்கு ஞாபகம் வந்து, கால் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் பெரியவள் கேட்டாள். “அம்மா, எனக்கு ஒரு படம் எடு. ஃபார்ம்ல ஒட்டணும்.” ஏதோ ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பு, வெளியூர், தங்குமிடமும் அவர்களே கொடுப்பார்கள். தையல்காரி மணியைப் பார்த்தாள். பத்தேகால். “வெளிச்சம் போயிடுச்சு. நாளைக்கு எடுக்கறேன்.” மறுநாள் இருபத்திரண்டு கவுன் இருந்தது. “நாளைக்கு.” அதற்கு மறுநாள் போனில் இடமில்லை என்று வந்தது. தெருக்கோடி ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பெரியவளும் அதைத்தான் கேட்டாள். “வீட்ல இவ்வளவு நல்ல கேமராவை வெச்சுக்கிட்டு ஸ்டூடியோ எதுக்குடி?” என்று சொன்னது தையல்காரிதான். நாலாம் நாள் அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா போனில் கூப்பிட்டார். லாரியை எங்கேயோ ஓரங்கட்டியிருந்தார். பின்னால் வண்டிகள் இரையும் சத்தம்.

“ஒரு படம் அனுப்பு. டீக்கடை, பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டுன்னு போற வழியெல்லாம் காட்டிக் கேக்கறேன். வாயால சொன்னா யாருக்கு என்ன தெரியும்?”

“தேடிட்டிருக்கேங்க.”

“படத்தையா? நாள் முழுக்கப் படம்தானே எடுக்கறே?”

அவர் பழி சொல்லவில்லை. புரியாமல் கேட்டார். தையல்காரி “அனுப்பறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓ என்று அழுதாள். சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பசி வேறு. காலையிலிருந்து யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல், போனை எடுத்துக்கொண்டு அம்மாவின் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

“அழாதம்மா. அக்கா எல்லாப் படத்துலயும் இருக்கா. பின்னாடிதான் இருக்கா.”

“இருந்து என்னடி? ஒண்ணும் தெரியலையே.”

“தெரியும். அக்கா எனக்குக் காட்டியிருக்கா.”

ஒரு படத்தைத் திறந்து, அடியில் இருந்த கோட்டைத் தொட்டு, புள்ளியை எதிர்ப் பக்கமாக இழுத்தாள். இழுக்க இழுக்கப் பீரோவின் கதவு வந்தது. கொடி வந்தது. கொடியில் மாட்டியிருந்த கிளிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுக்குக் கீழே, அவளுடைய பெரியவள் வந்தாள்.

தையல்காரியோ, கரைந்தது கரைந்ததுதான் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கேமரா எதையும் கரைக்கவில்லை, மேலே ஒரு திரையைத்தான் போட்டு வைத்திருந்தது. விலக்கத் தெரியாதவள் இவள் ஒருத்திதான்.

“முதல்ல இருந்து வா,” என்றாள்.

சின்னவள் முதல் வருஷத்துப் படங்களுக்குப் போனாள். ஒன்றைத் திறந்து புள்ளியை இழுத்தாள். பெரியவள், பதினஞ்சு வயசுப் பெரியவள், இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று நேரே கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் தலையை வாரிக் கிளிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். அதற்கடுத்ததில் மாட்டிக்கொடுக்க வேண்டிய கவுனைத் தன்மேல் வைத்துப் பிடித்து, தங்கை தலையைச் சாய்த்த அதே பக்கம் தானும் சாய்த்துக்கொண்டு நின்றாள். இன்னொன்றில் கன்னத்தில் விரல். தையல்காரி முன்னால் நின்று, “சிரி பாப்பா, கொஞ்சம் திரும்பு, அப்படித்தான் என் ராசாத்தி,” என்று சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒருத்தி சிரித்திருக்கிறாள், திரும்பியிருக்கிறாள். படத்தில் தெரியமாட்டோம் என்று தெரிந்தேதான் நின்றிருக்கிறாள். அன்று மாலையே தன் விரலால் தானே அதை அழித்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி தலைவாரி வந்து நின்றிருக்கிறாள்.

“என் கண்ணே,” என்றாள் தையல்காரி. அது எந்தப் பெண்ணைச் சொன்னது என்று சின்னவளுக்குப் புரிந்தது. அடுத்த படத்தைத் திறந்தாள்.

இரண்டாம் வருஷத்தில் சிரிப்பு குறைந்தது. கண் கேமராவில் இல்லை, இஸ்திரிப் பெட்டியில் இருந்தது. பிறகு குனிந்த தலைதான். உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. மஞ்சள் கவுன் படம் வந்தது. அந்த வீட்டில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. அந்த ஒரு கவுனுக்குத்தான் வரிசையாக ஆர்டர் வந்து, தையல்காரி மூன்று மாதம் மஞ்சள் துணியாகவே வெட்டித் தள்ளினாள். அவள் பக்கத்தின் முகப்பில் இன்றைக்கும் இருப்பது அந்தப் படம்தான். சின்னவள் புள்ளியை இழுத்தாள். பெரியவள் மேசைக்குப் பின்னால் மடங்கிக் குனிந்திருந்தாள். ஒரு கையை முழங்கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் விரல் அங்கே நின்றது. “அம்மா, இது...”

“இதுல முகம் தெரியலை. அடுத்ததுக்குப் போ.”

சின்னவள் அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

மூன்றாம் வருஷம் முழுக்க முதுகுதான். முதலில் முதுகு, பிறகு பீரோ ஓரமாய் ஒரு முழங்கை. கடைசியாக எடுத்தது அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு. அதில் புள்ளியை எவ்வளவு இழுத்தும் யாரும் வரவில்லை. பெட்டி மட்டும் மேசைமேல் நிமிர்ந்து நின்றது. நீ நிக்கறதே தெரியாது என்று சொன்ன இடத்தில் உண்மையாகவே யாரும் இல்லை.

தையல்காரிக்கு முகம் வேண்டும். கடைசியாக முகம் இருந்த படம் ஒன்றரை வருஷம் பழசு. அதில் பெரியவள் அரைகுறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளை வெட்டி ஒதுக்கிவிட்டு அக்காவை மட்டும் பெரிதாக்கச் சொன்னாள் தையல்காரி. பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகப் போயிற்று. இருந்தாலும் கண் கண்ணாக, மூக்கு மூக்காக இருந்தது. ஒரு மூலையில் சின்னவளின் காது மட்டும் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரம்மாவுக்கு அனுப்பினாள். அப்பாவுக்கும் அனுப்பினாள். அஞ்சு நிமிஷத்தில் அவர் கூப்பிட்டார்.

“எவ்வளவு நல்லா சிரிக்கிறா. எப்ப எடுத்தே இதை?”

அவளை நான் எடுக்கவே இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “போன வருஷத்துக்கு முன்னாடி,” என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் வந்து விழுந்தது. பெரியவளுக்குப் பதினெட்டு முடிந்த நாள். தையல்காரி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வெளிச்சம் மேசைவரை போய், பிறகு மெல்லத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. “கவுன் என்ன ஆச்சு?” என்று கேட்டு வந்த செய்திகள் போனில் டிங் டிங் என்று விழுந்தன. எதையும் திறக்கவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சின்னவளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

“உட்காருங்கம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. கிடைச்சிட்டா,” என்றார் போலீஸ்காரம்மா. “நீங்க கொடுத்த படம் அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கு. அங்க ஒரு ஆஸ்பத்திரியில உதவிக்கு வேலைக்குச் சேர்ந்திருக்கா. பெண்கள் விடுதியில தங்கியிருக்கா. உடம்பெல்லாம் நல்லா இருக்கு.”

தையல்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். “எந்த ஊருங்க? இப்பவே பஸ் ஏறறேன்.”

போலீஸ்காரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அவளுக்குப் பதினெட்டு ஆயிடுச்சேம்மா. வீட்டுக்கு வரலைன்னுட்டா. ஊரையும் சொல்ல வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கா. நாங்க சொல்லக் கூடாது.”

“ஏதாவது... ஏதாவது சொன்னாளாமா?”

“நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாளாம். பாப்பா தலையை அவளே வாரிக்கட்டும், வகிடு கோணாம எடுக்கணும்னு சொன்னாளாம். அப்பாவை ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம்னு சொன்னாளாம்.”

தையல்காரி இன்னும் ஏதாவது வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இப்ப நீங்க ஒரு வேலை செய்யணும். இது உங்க பொண்ணுதான்னு பார்த்துச் சொன்னாத்தான் நான் இந்தக் கேஸை முடிக்க முடியும். அங்க இருக்கற கான்ஸ்டபிள் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கார்.”

தன் போனை நீட்டினார்.

பெரியவள் ஒரு சுவரோரம் நின்றிருந்தாள். எடுத்தவருக்கு எந்த மோடும் தெரிந்திருக்கவில்லை. பின்னால் ஒரு வாளி, அறிவிப்புப் பலகை, அதில் குத்தியிருந்த காகிதங்கள், சுவரில் காரை பெயர்ந்த இடம், எல்லாமே உள்ளது உள்ளபடி தெரிந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், நட்ட நடுவில், அவள். வெட்டின முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே லேசான கருப்பு. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் “இப்படி நில்லும்மா” என்று சொல்லி, அவளுக்காகவே, அவளை மட்டுமே பார்த்து எடுத்த படம். பெரியவளை முன்னால் நிறுத்தி ஒருவர் எடுத்து, அந்த எட்டாவது வகுப்புப் படத்துக்குப் பிறகு தையல்காரி பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இதை எனக்கு அனுப்புவீங்களா?”

“அவ சம்மதிக்கலையேம்மா.” போலீஸ்காரம்மா வேறு பக்கம் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்தார். “ஒரு சின்னச் சிக்கல். நீங்க அடையாளம் ஏதுமில்லைன்னு சொல்லியிருக்கீங்க. இந்தப் பொண்ணுக்கு மணிக்கட்டுல இவ்வளவு பெரிய தழும்பு இருக்கு. நல்லா பார்த்துச் சொல்லுங்க. இது உங்க பொண்ணுதானா?”

பெரியவள் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டின் உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. அங்கே தோல் வழவழத்து, வெளுத்து, கூராக ஆரம்பித்து அகன்றுகொண்டே போன ஒரு முக்கோணம். தையல்காரி அந்த முனையைப் பார்த்தாள். அந்த முனையால்தான் அவள் வீட்டில் காலர் மடிப்பதும், ஃப்ரில்லுக்குள் நுழைத்துத் தேய்ப்பதும். எத்தனையோ வருஷமாக அவள் கைபட்ட முனை.

“என் பொண்ணுதாங்க,” என்றாள். “இது எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி.”

“எப்ப பட்டது? தோராயமா சொன்னாப் போதும். திருத்தி எழுதணும்.”

தையல்காரி நினைத்துப் பார்த்தாள். இவ்வளவு பெரிய காயம், எப்படியும் ஒரு மாதம் ஆறாமல் இருந்திருக்கும். அந்த ஒரு மாதமும் அந்தக் கை இவளுக்குச் சாப்பாடு போட்டிருக்கும், இவளிடம் நூல்கண்டு எடுத்துக் கொடுத்திருக்கும்.

“மஞ்சக் கவுன் எடுத்த அன்னிக்கு,” என்றாள் சின்னவள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினே. வெளிச்சம் போகுதுன்னு. அக்கா அவசரத்துல சுட்டுக்கிட்டா. நான் திரும்பிப் பார்த்தேன். ஆடாதடி, படம் நல்லா வரட்டும்னு சைகை காட்டினா. அதான் நான் சிரிச்சேன்.”

போலீஸ்காரம்மா பேனாவை எடுத்தார்.

தையல்காரி தன் போனை எடுத்தாள். தன் பக்கத்தின் முகப்பில் போட்டிருந்த அந்தப் படத்தைத் திறந்தாள். சின்னவள் அதில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி அடியிலிருந்த கோட்டைத் தொட்டுப் புள்ளியைத் தானே இழுத்தாள். பெரியவள் வந்தாள், மடங்கிக் குனிந்து, கையை முழங்கால் நடுவே சொருகிக்கொண்டு, ஒரு சத்தமும் வெளியே வராமல் தோளில் வாயைப் புதைத்துக்கொண்டு. திங்கட்கிழமை இதே கண்ணுக்கு முன்னால் இது வந்தது. முகம் தெரியலை, அடுத்ததுக்குப் போ என்றாள்.

படத்தை மேலே தள்ளினால் அது எடுத்த நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். தள்ளினாள். போன வருஷத்துத் தேதியை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள். போலீஸ்காரம்மா எழுதிக்கொண்டார்.

“காலையில ஒன்பது மணி பதினேழு நிமிஷம்,” என்றாள் தையல்காரி.

“நேரமெல்லாம் வேண்டாம்மா. தேதி போதும்.”

“எழுதிக்குங்க,” என்றாள் அவள். “ஒன்பது பதினேழு. நான் அங்கதான் இருந்தேன்.”